பி.டி. படிப்புக்குள் பத்து மாதச் சபை வாசம்: ஓர் இறையியல் கல்லூரியின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் உள்ள ஓர் இறையியல் கல்லூரியில் குருத்துவப் பயிற்சிக்கான பி.டி. (இறையியல் இளநிலை) பட்டப்படிப்பு எப்படி மாற்றப்பட்டது, அதனால் என்ன நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கல்லூரி, திருமண்டலங்கள் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைப் பகுதிகள்), சேகரங்கள் (ஓர் ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள்), ஆட்கள் எதற்கும் பெயர் கொடுக்கவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். நான் அங்கே ஆசிரியன். பாடத்திட்டக் குழுவின் குறிப்புகளை எழுதும் பொறுப்பும் எனக்கு இருந்தது. மாணவர்களின் பதிவுகளை அவர்கள் சம்மதத்தோடுதான் பயன்படுத்துகிறேன்.

பின்னணி

நம் பக்கத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் போன்ற திருச்சபைகளில் ஒருவர் ஐயராக, அதாவது போதகராக, வேண்டுமானால் பெரும்பாலும் பி.டி. முடித்திருக்க வேண்டும். அந்தப் பட்டத்தை வழங்குவது வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரி. கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் 1818இல் அங்கே கல்லூரி தொடங்கியபோது ஊர் டேனிஷ் ஆட்சியில் இருந்தது. டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827இல் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். 1845இல் ஊர் பிரிட்டிஷார் கைக்கு மாறிய பிறகும் அந்த உரிமை நீடித்தது. இறையியல் பட்டங்களைக் கவனிக்கும் செனட் 1918ஆம் ஆண்டின் வங்காளச் சட்டத்தின் வழியாக அமைந்தது. இன்று நாடு முழுவதும் பல கல்லூரிகள் அதனோடு இணைந்திருக்கின்றன. பாடத்திட்டம், வினாத்தாள், பட்டம் மூன்றும் செனட்டிடம். அன்றாட வகுப்பு, விடுதி வாழ்க்கை, களப்பயிற்சி ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. இந்தப் பிரிவினை முக்கியம். பின்னால் எடுக்கப்பட்ட முடிவுகள் எல்லாம் கல்லூரியின் கைக்கு எட்டிய இடத்தில்தான் எடுக்கப்பட்டன.

எங்கள் கல்லூரியில் பி.டி. நான்கு ஆண்டு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, எபிரெயம், கிரேக்கம், திருச்சபை வரலாறு, இறையியல், சமயங்கள், ஊழியவியல் என்று வகுப்புகள் போகும். மாணவர்களைத் திருமண்டலங்களே தேர்ந்தெடுத்து அனுப்பும், கட்டணத்தையும் பெரும்பாலும் அவையே கட்டும். படிப்பு முடிந்து வருபவரை ஒரு சேகரத்தில் உதவியாளராகப் போடுவார்கள், அதன் பிறகு குருப்பட்டம். ஆள் பற்றாக்குறை இருந்தால் உதவியாளர் காலம் பெயருக்குத்தான். இருபத்தாறு இருபத்தேழு வயதில் பல கிராமச் சபைகள் சேர்ந்த ஒரு சேகரம் கைக்கு வந்துவிடும்.

களப்பயிற்சி என்று ஒன்று முன்பும் இருந்தது. சனிக்கிழமை மாலை மாணவர் பஸ் ஏறுவார். ஞாயிறு காலை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பார் அல்லது பிரசங்கம் செய்வார், ஓய்வுநாள் பள்ளியைப் பார்ப்பார், ஐயர் வீட்டில் மதியம் சாப்பிடுவார், இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடுவார். கோடை விடுமுறையில் சில வாரங்கள் வேறொரு சபை. அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது.

கவனத்துக்கு வந்தவை

முதலில் வந்தது ஒரு திருமண்டலத்தின் கடிதம். உங்கள் பட்டதாரிகள் நன்றாகப் பிரசங்கம் செய்கிறார்கள், ஆனால் சேகரத்தை நடத்தத் தெரியவில்லை என்பது அதன் சாரம். இப்படிப் பொதுவாகக் குறை சொல்வது புதிதல்ல என்று சிலர் அதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். முதல்வர் தள்ளவில்லை. சமீப ஆண்டுகளில் படித்துப் போனவர்களை அவரவர் சேகரத்திலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. ஆசிரியர்கள் இருவர் இருவராகப் பிரிந்து போனோம்.

போன இடத்தில் கேட்டவை ஒரே மாதிரி இல்லை. கணக்கு ஒரு பெரிய தலைவலி. காணிக்கை, சந்தா, அசனப் பண்டிகை வரவு, கட்டட நிதி எல்லாம் ஒரே நோட்டில் கிடக்கும். பழைய பொருளாளர் ஒப்படைக்க மாட்டார். புது ஐயருக்கு எங்கே கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாது. திருமணப் பதிவேடு இன்னொன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, சில விலக்குகள் போக, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் திருமணம் நடத்த வேண்டும். மாலைத் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் தாமதமாகி மணி ஏழைத் தாண்டினால் என்ன செய்வது என்று அந்த நேரத்தில்தான் யோசித்தவர்கள் இருந்தார்கள்.

எங்களை உட்கார வைத்தது வேறு ஒரு விஷயம். ஒரு முன்னாள் மாணவரின் சேகரத்தில் இளைஞர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். சேகரத்துக்கு வந்து சில மாதமே ஆகியிருந்த ஐயருக்கு அதிகாலையில் போன் வந்தது. போலீஸ் வழக்கு, அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை, உடல் வீடு வந்து சேரும்போது மாலை. அதற்குள் சேகரக் கமிட்டியில் மூத்தவர்கள் இருவர் வந்து, இப்படிச் செத்தவர்களுக்கு இங்கே மணி அடிப்பதில்லை, கோயிலுக்குள் கொண்டுவருவதில்லை, கல்லறைத் தோட்டத்தில் ஓரமாகத்தான் இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐயர் எதிர்க்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. என்ன ஜெபம் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு நின்றார். அடக்கத்தை நடத்தியது சபை ஊழியர். அந்தத் தாய் அதற்குப் பிறகு ஆராதனைக்கு வரவில்லை.

இந்த மாணவர் படிப்பில் மோசமானவர் இல்லை. ஊழியவியல் தாளில் துக்கத்தில் இருப்பவர்களைத் தேற்றுவது பற்றிய கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர். திருச்சபை வரலாறு படித்தவர். ஆனால் 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப் புத்தகத்தில், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கும் சபைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்கும் தங்கள் உயிரைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்களுக்கும் அடக்க ஆராதனை முறைமையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு குறிப்பு இருப்பதை யாரும் அவருக்கு அந்தக் கோணத்தில் சொல்லித் தரவில்லை. ஆங்கிலிகன் மிஷன்கள் வேலை செய்த பகுதிகளில் இந்த வழக்கத்துக்கு அந்தக் குறிப்போடு உறவு இருக்கிறது என்பது என் கருத்து. மூலம் மறந்துபோய் வழக்கம் மட்டும் நிற்கிறது. அது வேதத்தில் உள்ளது என்றே கமிட்டிக்காரர்கள் நம்பினார்கள். இதைத் தெரிந்த ஒருவரால், அன்று மாலையே அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க முடியும். வரலாறு ஒரு தாளிலும் ஊழியம் இன்னொரு தாளிலும் இருந்ததால் இரண்டும் அந்த வாசலில் சந்திக்கவே இல்லை.

பயணம் முடிந்து வந்து ஊழியவியல் விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தோம். விடைகள் ஒரே குறிப்பு நோட்டிலிருந்து வந்தவை போல் இருந்தன. செவிகொடுத்துக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். யாராவது யாருக்காவது செவிகொடுத்ததைக் கல்லூரி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

எடுத்த முடிவுகள்

குழு கூடியபோது முதலில் வந்த யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான்: இன்னொரு பாடம் சேர்ப்பது. சேகர நிர்வாகம் என்று ஒரு தாள், மனநலம் என்று ஒரு தாள். அது வேண்டாம் என்று முடிவெடுக்க நேரம் பிடித்தது. தாள் சேர்த்தால் இன்னொரு நோட்டுதான் சேரும் என்பதை விடைத்தாள்களே காட்டின.

அப்போது வரலாற்று ஆசிரியர் ஆரோனைப் பற்றிப் பேசினார். தரங்கம்பாடியில் 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், உபதேசியாராக ஊர் ஊராக வேலை பார்த்த பிறகே 1733இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் லுத்தரன் போதகர் அவர். நடுவில் பதினைந்து ஆண்டு. அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். ஆனால் ஜனங்களோடு வாழ்ந்து கற்பது படிப்புக்கு வெளியே நடக்கும் ஒரு சேர்க்கை என்று நாம் எப்போது முடிவு செய்தோம் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சு திசை மாறியது.

கடைசியில் எடுத்த முடிவு இது. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் ஒரே சேகரத்தில் பத்து மாதம் தங்க வேண்டும். சொந்தத் திருமண்டலமாக இருக்கலாம், சொந்தச் சேகரமாக இருக்கக் கூடாது. முதல் இரண்டு மாதம் பிரசங்கம் கிடையாது. வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரி, அடக்கம், கமிட்டிக் கூட்டத்தில் பின்வரிசை, கோயில்பிள்ளையோடு சேர்ந்து கோயிலைத் திறந்து பெருக்குவது, இவ்வளவுதான். பிரசங்கத்தை நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. வார இறுதி முறையில் மாணவரைச் சபை பார்த்ததே பிரசங்க மேடையில்தான். மேடையில் பழகியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேசிக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது, ஊழியவியலில் கல்லூரி கொடுக்கும் உள்மதிப்பெண்ணுக்கு உரையாடல் பதிவுகளை வைத்தோம். ஒரு சந்திப்பு முடிந்ததும், யார் என்ன சொன்னார்கள் என்பதை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, எந்த இடத்தில் தனக்குப் பயம் வந்தது, எங்கே பேச்சை மாற்றினேன் என்பதையும் குறிக்க வேண்டும். பெயர்கள் மாற்றப்பட வேண்டும். இது மருத்துவமனை ஆன்மப் பராமரிப்புப் பயிற்சியில் நெடுநாளாக உள்ள முறை. 1925இல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை ஆன்டன் பாய்சன் அழைத்துப் போனதில் தொடங்கிய இயக்கத்தில் வளர்ந்தது. பாய்சன் அதே மாதிரி மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். புத்தகங்களைப் படிப்பது போல மனிதர்களையும் வாசிக்க வேண்டும் என்பது அவர் பாடம். வேலூர் சி.எம்.சி.யில் இத்தகைய பயிற்சி நடக்கிறது. அதைப் பெற்றிருந்த எங்கள் ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றார்.

மூன்றாவது, சட்டமும் கணக்கும். தேர்வு இல்லாமல், ஒரு வழக்கறிஞரும் ஒரு தணிக்கையாளரும் வந்து சில நாள் நடத்துவது என்று வைத்தோம். போக்சோ சட்டம் 2012 இதில் கட்டாயம். ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு எல்லோர் மீதும் கடமை வைக்கிறது. ஐயருக்கு விலக்கு இல்லை. குடும்ப மானம், சபை மானம் என்று பேசி முடித்துவைக்கும் பழக்கத்துக்கு எதிராக ஒரு இளம் ஐயர் நிற்க வேண்டுமானால் இது அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் இடம் எங்கிருந்து வரும்? இங்கேதான் பெரிய வாக்குவாதம். செராம்பூர்ப் பல்கலைக்கழகம் கேட்டதற்கு மேலாகவே எங்கள் கல்லூரியில் எபிரெயம், கிரேக்கம் இரண்டையும் எல்லோருக்கும் நீண்ட காலம் நடத்திவந்தோம். எபிரெயத்தைக் கட்டாயமாக வைத்து கிரேக்கத்தை விருப்பப் பாடமாக்குவது என்று முடிவானது. புதிய ஏற்பாட்டு ஆசிரியர் கடுமையாக எதிர்த்தார். வேதத்தை மூலத்தில் தொட்டவர் போதகராக வரும் சபைக்கும், தொடாதவர் வரும் சபைக்கும் உள்ள வித்தியாசம் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும் என்றார். அவருடைய எதிர்ப்பு குறிப்பேட்டில் முழுதாகப் பதிவு செய்யப்பட்டது.

படிப்பு ஐந்தாண்டாக நீளுவதைத் திருமண்டலங்கள் எளிதில் ஏற்கவில்லை. ஒரு வருடம் கூடுதல் செலவு, ஒரு வருடம் ஆள் தாமதம். பத்து மாதத்துக்குத் தங்குமிடமும் சாப்பாடும் சேகரம் தரும், சிறு உதவித்தொகை திருமண்டலம் தரும், இந்தக் காலத்தை உதவியாளர் காலத்தின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று பேசிய பிறகு பெரும்பாலானவை சம்மதித்தன. ஒரு திருமண்டலம் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல் தன் மாணவர்களை வேறு கல்லூரிக்கு அனுப்பியது.

முதல் அணி

முதல் சில மாதங்களில் சரியாக நடந்ததைவிடக் கோணலாக நடந்ததே அதிகம். சேகர குருக்களில் சிலர் மாணவரை நன்றாக நடத்தினார்கள், ஆனால் கற்றுக்கொடுக்கவில்லை. டைப் அடிப்பது, பாடல் வரிகளைத் திரையில் போடுவது, ஐயர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது என்று நாள் போனது. இரண்டு மாதம் பிரசங்கம் கிடையாது என்ற விதியை ஒரு சேகரத்தில் முதல் ஞாயிறே உடைத்தார்கள். ஐயருக்கு வேறு சபையில் கூட்டம் இருந்தது.

உரையாடல் பதிவுகள் மட்டும் தொடக்கத்திலிருந்தே ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டன. ஒரு மாணவர் புற்றுநோயில் படுத்திருந்த பெரியவரைச் சந்தித்ததை எழுதியிருந்தார். பெரியவர் மூன்று முறை தன் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார். மூன்று முறையும் மாணவர் வசனத்துக்குப் போயிருக்கிறார். குழுவில் அதை வாசித்தபோது யாரும் திருத்தவில்லை. வாசித்து முடித்ததும் அவரே, "நிலத்தைப் பற்றிக் கேட்டிருக்கணும் ஐயா" என்றார். அடுத்த வாரம் போய்க் கேட்டார். அண்ணன் தம்பிக்குள் இருபது வருடமாகப் பேச்சு இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

கஷ்டமான நிகழ்வு வேறொரு மாணவருடையது. அவர் தலித் சபையொன்றிலிருந்து வந்தவர். வேறு சமூகத்தார் பெரும்பான்மையாக உள்ள சேகரத்தில் நியமிக்கப்பட்டார். அவருடைய பதிவு ஒன்றில் மூப்பர் ஒருவர் கேட்ட கேள்விகள் வரிசையாக இருந்தன. தம்பிக்குச் சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா எந்தக் கோயிலுக்குப் போவார்? அங்கே ஐயர் யார்? கேள்விகள் அன்பாகத்தான் கேட்கப்பட்டன. அதற்குப் பிறகு வீடு சந்திப்புக்குப் போனால் நாற்காலி திண்ணைக்கு வந்தது. மற்ற மாணவர்களுக்கு எழுதி மாளாத சாப்பாட்டு அழைப்புகள் இவருக்கு வரவில்லை. சேகர குருவுக்கு இது தெரியும். கமிட்டித் தேர்தல் வருகிறது, இப்போது பேசினால் இரண்டாகிவிடும் என்று அவர் தள்ளிப்போட்டார்.

கல்லூரியில் இதைப் பற்றி இரண்டு நாள் பேசினோம். உடனே வேறு சேகரத்துக்கு மாற்ற வேண்டும், ஒரு மாணவரை இந்த அவமானத்துக்குள் வைத்திருப்பது பயிற்சி ஆகாது என்றது ஒரு தரப்பு. மாற்றினால் அவர்கள் கேட்காமல் கேட்டதைக் கொடுத்ததாகிவிடும் என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை இருந்தது. முடிவை மாணவரிடமே கேட்பது என்று தீர்மானித்தோம், ஆனால் எந்த முடிவானாலும் மதிப்பெண்ணோ சிபாரிசோ பாதிக்காது என்பதை எழுத்தில் கொடுத்த பிறகு. அவர் இருப்பதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை வைத்தார்: கமிட்டியோடு கல்லூரி பேச வேண்டும், தனியாக இல்லை, தன்னையும் உட்கார வைத்து. தலித் இறையியல் தாளில் அவர் வகுப்பிலேயே முதல் ஆள். 1980களில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் தொடங்கிவைத்த அந்தப் பேச்சு, எங்கள் கல்லூரியில் நல்ல முறையில் நடக்கும் பாடம். "என்ன நடக்குதுன்னு சொல்ல அந்தப் பாடம் போதும் ஐயா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவங்களுக்கே நற்கருணைப் பாத்திரத்தை எப்படிக் கொண்டுபோறதுன்னு யாரும் சொல்லலையே" என்றார். முதல்வரும் நானும் அங்கே இருந்தோம். எங்களிடம் பதில் இல்லை.

கமிட்டிக் கூட்டம் நடந்தது. முதல்வர் பதிவின் சாரத்தை யார் பெயரையும் சொல்லாமல் எடுத்து வைத்தார். இருவர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி அடுத்த வாரமே அந்த மாணவரை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் அழைத்தார். அதன் பிறகு சில வீடுகள் திறந்தன, சில கடைசிவரை திறக்கவில்லை. பத்து மாதம் முடிந்தது. அடுத்த ஆண்டு மாணவர் வேண்டாம் என்று அந்தச் சேகரம் எழுதியது.

பெண் மாணவர்களுக்கு வந்த தடை வேறு மாதிரி. அவர்களை அனுப்பிய திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிற திருச்சபைதான். ஆனாலும் ஒரு மாணவிக்குச் சேகர குரு ஒதுக்கியது ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் கூட்டமும் மட்டும். கல்லறைக்குப் பெண்கள் வருவது இந்த ஊர் வழக்கம் இல்லை என்று அடக்கங்களில் நிறுத்திவைக்கப்பட்டார். ஒரு மூதாட்டி இறந்தபோது மகள்களே கேட்டுக்கொண்டதால் வீட்டு ஜெபத்தை அவர் நடத்தினார். கல்லறை வாசல்வரை போய் நின்றார். எங்களுக்குத் தெரிந்தது அவர் பதிவு வந்து சேர்ந்த பிறகுதான்.

திருத்தங்கள்

முதல் அணி திரும்பியதும் இரண்டாம் அணியை அனுப்புவதற்கு முன் சிலவற்றை மாற்றினோம். முக்கியமானது சேகர குருக்களுக்கான பயிற்சி. மாணவரை ஏற்கும் ஐயர் முதலில் கல்லூரிக்கு வந்து ஒரு வாரம் தங்க வேண்டும், அவரும் தன் ஊழியத்திலிருந்து ஓர் உரையாடல் பதிவு எழுதி மற்ற ஐயர்கள் நடுவில் வாசிக்க வேண்டும். இதற்குத் தயங்கியவர்கள் இருந்தார்கள். தயங்கியவர்களுக்கு மாணவர் அனுப்பப்படவில்லை. வந்தவர்களில் சிலர், குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து தன் வேலையைப் பற்றி இன்னொருவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை என்றார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் நிறைவு தந்த பகுதி அதுதான்.

சேகரத்தோடு எழுத்து ஒப்பந்தம் வந்தது. வாரத்தில் ஒருநாள் ஐயர் மாணவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அடக்கம் உட்பட எல்லா ஊழியத்திலும் பெண் மாணவர் பங்கெடுப்பார். மாணவர் கேட்டால் காரணம் கேட்காமல் இடம் மாற்றப்படும். சாதியைப் பார்த்து ஆளைச் சேகரத்துக்குப் பொருத்துவதில்லை என்பதையும் குழு தீர்மானமாக எழுதிவைத்தது. அப்படிப் பொருத்தினால் பிரிக்கிற வேலையைக் கல்லூரியே செய்ததாகும். ஆனால் தனியாக ஒருவரை அனுப்பி விட்டுவிடுவது இல்லை. ஓர் ஆசிரியர் முறையாகப் போய் வருவார், கமிட்டியையும் சந்திப்பார்.

புதிய ஏற்பாட்டு ஆசிரியர் பயந்தது நடந்தது. திரும்பி வந்த மாணவர்களின் பிரசங்கங்களில் மனிதர்கள் இருந்தார்கள், வேதபகுதி மெலிந்துவிட்டது. ஒரு சம்பவம், அதிலிருந்து ஒரு பாடம், கடைசியில் ஒரு வசனம் என்று போனது. விருப்பப் பாடமாக்கிய மொழியை எடுத்தவர்கள் மிகச் சிலரே. அதற்கு அவரே ஒரு வழி கண்டார். பத்து மாதத்தில் சபையார் யாராவது கேட்ட ஒரு வேதபகுதியை மாணவர் கொண்டுவர வேண்டும்; மூன்றாம் ஆண்டு விளக்கவுரைக் கட்டுரை அதன்மேல்தான். பிள்ளையை இழந்த ஒரு அம்மா, தாவீது குழந்தை இறந்ததும் எழுந்து குளித்துச் சாப்பிட்டது எப்படி என்று கேட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டவர் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை எபிரெயத்தில் வரி வரியாகப் படித்தார். தன் விருப்பத்தில் மொழி வகுப்புக்குத் திரும்பியவர்களில் அவரும் ஒருவர்.

விளைவு

முதல் அணி இப்போது சேகரங்களில் இருக்கிறது. கணக்கு, பதிவேடு பற்றிய புகார்கள் குறைந்திருப்பதாகத் திருமண்டலங்கள் சொல்கின்றன. பல்கலைக்கழகத் தேர்வுகளில் பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லை, கிரேக்கத்தைத் தவிர. அதில் எழுதுபவர்கள் குறைந்தார்கள்.

அவர்களில் ஒருவருடைய சேகரத்திலும் தற்கொலை மரணம் ஒன்று வந்தது. ஐயர் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய் தகப்பனோடு பிரேதப் பரிசோதனை முடியும்வரை இருந்தார். மதியம் கமிட்டி மூப்பர்களை அவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தார். பழைய ஜெபப் புத்தகத்தில் இருந்த குறிப்பைச் சொன்னார், தற்கொலைக்கு முயல்பவரை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்வதையும் சொன்னார். அவர்கள் பாதி வழிதான் வந்தார்கள். உடல் கோயிலுக்குள் வந்தது, கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தாரின் பக்கத்தில் இடம் கிடைத்தது, மணி அடிக்கவில்லை. அந்தக் குடும்பம் அடுத்த ஞாயிறும் கோயிலுக்கு வந்தது.

ஒரு மாணவர் பத்து மாதம் முடிந்ததும் குருப்பட்டம் வேண்டாம் என்று முடிவெடுத்துப் படிப்பை மட்டும் முடித்தார். இப்போது மனநலப் பணியில் இருக்கிறார். அவரை அனுப்பிய திருமண்டலம் இதைக் கல்லூரியின் தோல்வியாக எடுத்துக்கொண்டது. நான் அப்படிப் பார்க்கவில்லை. நாற்பது வயதில், குடும்பத்தோடு, வெளியே போக வழியில்லாமல் இதே முடிவுக்கு வந்து, ஓய்வுபெறும்வரை சபையையும் தன்னையும் வாட்டிக்கொண்டிருப்பவர்களை நம் எல்லோருக்கும் தெரியும்.

தலித் மாணவர் குருப்பட்டம் பெற்றார். சேகர குருக்களுக்கான ஒரு வாரப் பயிற்சியில் இப்போது அவரும் ஒரு அமர்வு நடத்துகிறார்.

இனி மாற்ற வேண்டியவை

பெண் மாணவர்களுக்கு ஒப்பந்தம் மட்டும் போதாது. இரண்டாம் அணியிலும் ஓர் இடத்தில் அது மீறப்பட்டது, கல்லூரிக்குத் தெரியவர நாள் ஆனது. பெண் ஐயர்களே பொறுப்பில் உள்ள சேகரங்களை முதலில் தேடுவது என்றும், அங்கே ஆண் மாணவர்களையும் அனுப்புவது என்றும் குழு பேசிவருகிறது. ஆண் மாணவர் ஒருவர் பெண் ஐயரின் கீழ் பத்து மாதம் பயிற்சி பெறுவது, பெண் மாணவருக்கு இடம் கிடைப்பது அளவுக்கே முக்கியம் என்று நினைக்கிறேன்.

உரையாடல் பதிவுகளைப் பாதுகாப்பதற்கு விதி வேண்டும். பெயரை மாற்றினாலும் கிராமத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. இப்போதைக்கு மதிப்பெண் போட்டதும் மாணவர் முன்பாகவே கிழித்துவிடுகிறோம். போனில் எழுதுவதைத் தடை செய்திருக்கிறோம். இங்கே நான் எடுத்துச் சொன்னவை மாணவர்கள் தாங்களே வைத்திருந்து கொடுத்த பகுதிகள்.

தீராமல் இருப்பது இடமாற்றல். பயிற்சி பெற்ற சேகர குருவிடம் மாணவரை ஒப்படைத்துச் சில மாதத்தில் அந்த ஐயர் வேறு சேகரத்துக்கு மாற்றப்படுகிறார். புதிதாக வருபவருக்கு மாணவர் எதற்கு இருக்கிறார் என்றே தெரியாது. பயிற்சி சேகரங்களில் பத்து மாதத்துக்கு இடமாற்றல் வேண்டாம் என்று எல்லாத் திருமண்டலங்களுக்கும் கல்லூரி எழுதியிருக்கிறது. ஒன்று மட்டும் நிர்வாகக் குழுவில் வைத்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூன்றாம் அணியை இப்போதைக்கு அந்தத் திருமண்டலத்தின் சேகரங்களுக்கே அதிகமாக அனுப்புகிறோம்.